'நம்பர் 1 பாதுகாப்பான ஏர்லைன்ஸ்': அந்த ரேங்க்கை எப்படிப் படிக்கணும்?

1/
2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்கு அப்புறம் ஓ.பி.க்கு வர்றவங்க பி.பி. மாத்திரையோட சேர்த்துக் கேட்கிற கேள்வி: "டாக்டர், பையன் டிக்கெட் போடப்போறான். எந்த ஃபிளைட்டு சேஃப்டி?" கையில இருக்கிற போன்ல ஒரு லிஸ்ட் இருக்கும். அதை நம்பி நேரடி விமானத்தை விட்டுட்டு, ரெண்டு இடத்துல மாறிப் போற டிக்கெட் போடுறாங்க, அதுவும் சுகர் இருக்கிற 70 வயசு அம்மாவுக்கு. நான் விமான நிபுணர் இல்லை. ஆனா அரிதா நடக்கிற ஒண்ணை வச்சு ரேங்க் போட்டா என்ன ஆகும்னு மருத்துவத்துல நாங்க நிறைய பார்த்திருக்கோம். அதைச் சொல்றேன்.

2/
முதல்ல, ரேங்க் எப்படிப் போடுறாங்க? பத்திரிகைகள்ல அதிகம் வர்றது ஏர்லைன்ரேட்டிங்ஸ் தளத்தோட லிஸ்ட். கடந்த 2 வருஷத்துல நடந்த பெரிய கோளாறுகள், விமானங்களோட வயசு, உயிரிழப்பு, பைலட் பயிற்சி, சர்வதேசத் தணிக்கை, கம்பெனி லாபத்துல ஓடுதாங்கிறது வரைக்கும் கலந்து மதிப்பெண் போடுவாங்க. ஜெர்மனியின் ஜேக்டெக் 30 வருஷ விபத்துக் கணக்கை எடுத்து, எவ்வளவு தூரம் எத்தனை பயணிகளை ஏத்திட்டுப் போனாங்கங்கிறதோட ஒப்பிடும். எதை எடுக்கிறோம், எத்தனை வருஷம் எடுக்கிறோம்கிறதைப் பொறுத்து ரேங்க் மாறும்.

3/
உதாரணம்: 2024, 2025 ரெண்டு வருஷமும் ஏர்லைன்ரேட்டிங்ஸ்ல முதலிடம் ஏர் நியூசிலாந்து. அதே நிறுவனத்தின் விமானம் 1979 நவம்பர் 28 அன்று அண்டார்டிகாவின் எரிபஸ் மலையில் மோதி 257 பேரும் இறந்தாங்க. அது கணக்குல வராது. வரவும் வேண்டாம், 45 வருஷத்துல எல்லாமே மாறிப்போச்சு. ஆனா "எந்த வருஷத்துல இருந்து எண்ணுறீங்க?"ங்கிறது முதல் கேள்வியா இருக்கணும்.

4/
ரெண்டாவது கேள்வி: மொத்தம் எத்தனையில? கான்கார்டு விமானம் 1976-ல பயணிகள் சேவைக்கு வந்தது. 2000 ஜூலை 24 வரைக்கும் அதுல விபத்தால ஒரு பயணிகூட சாகலை. மறுநாள் பாரிஸ்ல ஒரே விபத்து, 113 பேர் மரணம். விபத்து விகிதப் பட்டியல்ல முதல் இடத்துல இருந்தது ஒரே நாள்ல கடைசிக்குப் போச்சு. விமானம் ராத்திரியோட ராத்திரியா மோசமாகலை. மொத்தமே ஒரு லட்சம் தடவைகூட பறக்காத விமானத்துக்கு ரேங்க் போட்டதுதான் தப்பு.

5/
இதுக்கு எங்ககிட்ட ஒரு எளிய கணக்கு இருக்கு, பேரு 'மூன்றின் விதி'. ஒரு சர்ஜன் 30 ஆபரேஷன் பண்ணி ஒரு மரணமும் இல்லைன்னா ஆபத்து பூஜ்யம்னு அர்த்தம் இல்லை. 3-ஐ 30-ஆல வகுங்க: உண்மையான ஆபத்து 10% வரைக்கும்கூட இருக்கலாம். அவ்வளவுதான் 95% உறுதியோட சொல்ல முடியும்.

6/
இதை விமானத்துக்குப் போடுங்க. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் (ஐயாட்டா) கணக்குப்படி 2024-ல 4.06 கோடி விமானப் பயணங்கள்ல உயிரிழப்பு விபத்து 7. அதாவது சுமார் 58 லட்சத்துக்கு ஒண்ணு. ஒரு நிறுவனம் இந்த சராசரியைவிட மோசமில்லைன்னு விபத்துக் கணக்கை மட்டும் வச்சு நிரூபிக்க, 1.74 கோடி தடவை விபத்தில்லாம பறக்கணும். தினம் 500 விமானம் ஓட்டுற நிறுவனத்துக்கு அது 95 வருஷம்! அப்போ 4-வது இடத்துக்கும் 14-வது இடத்துக்கும் என்ன வித்தியாசம்? பெரும்பாலும் ஒண்ணுமில்லை.

7/
மூணாவது கேள்வி: எந்த மாதிரி கேஸ்? தென் மாவட்டங்கள்ல வேற எங்கேயும் பார்க்க முடியாத கேஸ் எல்லாம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் வரும். அங்கே நடக்கிற மரணங்களை ஒரு சின்ன நர்சிங் ஹோமோட ஒப்பிட்டா நியாயமா? அதே மாதிரி மழைக்காலத்துல மேட்டு ரன்வேயில இறங்குற நிறுவனமும், நீளமான சமதள ரன்வேயில மட்டும் இறங்குற நிறுவனமும் ஒண்ணு இல்லை. மங்களூரு 2010 (158 மரணம்), கோழிக்கோடு 2020 (21 மரணம்), ரெண்டுமே மேட்டு ரன்வே. ஆனா ரெண்டு விசாரணையும் பைலட் விதிமுறையை மீறித் தரையிறங்கினதையும் சுட்டிக்காட்டுச்சு. இடமும் காரணம், பயிற்சியும் காரணம்.

8/
அப்போ எல்லா நிறுவனமும் ஒண்ணுதானா? இல்லை. மரண எண்ணிக்கையை விட தணிக்கை அதிகம் சொல்லும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு தடைப் பட்டியல் இருக்கு. அதுல இருக்கிற நிறுவனத்துல ஏறாதீங்க, பேச்சே இல்லை. அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. நாடுகளையே தரம் பிரிக்கும். 2014 ஜனவரியில இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கி, 2015 ஏப்ரல்ல திரும்ப ஏத்தினாங்க. அது எந்த நிறுவனத்துக்கும் போட்ட மார்க் இல்லை, நம்ம கண்காணிப்பு அமைப்புக்குப் போட்ட மார்க்.

9/
இப்போ அந்த அம்மாவோட டிக்கெட்டுக்கு வருவோம். விபத்து பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். ரேங்க்ல முந்தின நிறுவனம்னு ரெண்டு தடவை மாறினா, ஒரு ஏற்றம் இறக்கம் மூணாகும். கூடவே இன்சுலின் நேரம் தவறுறது, மணிக்கணக்கா உட்கார்ந்து கால்ல ரத்தம் உறையுற ஆபத்து. தடைப் பட்டியல்ல இல்லாத நிறுவனமா, நேரடி விமானம் கிடைச்சா, அதுல ஏத்துங்க.

10/
உள்ளே போனதும் ரெண்டு விஷயம். உட்கார்ந்திருக்கிற வரைக்கும் பெல்ட். 2024 மே மாசம் நடுவானத்துல குலுங்கி ஒருத்தர் இறந்து, பலர் காயப்பட்டது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல. பல லிஸ்ட்ல நல்ல இடம் பிடிச்சிருக்கிற நிறுவனம்தான். ரெண்டாவது, அவசரமா வெளியேறச் சொன்னா பையை எடுக்காதீங்க. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடாவில் எரியுற ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்துல இருந்து 379 பேரும் உயிரோட இறங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

11/
கடைசியா, யாரும் கேட்காத ரேங்க். 2024-ல உலகம் பூரா விமானத்துக்குள்ள இறந்தவங்க 244 பேர் (ஐயாட்டா). 2022-ல தமிழ்நாட்டு ரோட்டுல மட்டும் 17,884 பேர், நாளைக்கு 49. உலகத்தோட ஒரு வருஷக் கணக்கு, நம்ம ஊர் ரோட்டுல அஞ்சு நாள் கணக்கு.

12/
அதனால எந்த ஏர்லைன்ஸ்னு ஒரு வாரம் தேடிட்டு, வழியனுப்ப நடுராத்திரி ஒரு வேன்ல 12 பேர் ஏறி, பகல் பூரா வண்டி ஓட்டின டிரைவரோட நாலுவழிச்சாலையில திருச்சிக்குப் போகாதீங்க. டிரைவர் தூங்கினாரான்னு கேளுங்க. பின் சீட்லயும் பெல்ட் போடுங்க. முடிஞ்சா பகல்லயே கிளம்பிப் போய் அங்கே தங்கிக்கோங்க. உங்க பயணத்துல நீங்களே மாத்தக்கூடிய பெரிய ஆபத்து அந்த ரோட்டுலதான் இருக்கு.