சேவல் எழுப்பிய ஊர்

காலை நாலரை மணி.
நிம்மதியாத் தூங்கணும்னே கீ வெஸ்ட்டுக்கு லீவுல வந்த மனுஷரை எழுப்பினது அலாரம் இல்லை. சேவல்!

அமெரிக்காவோட ஃபுளோரிடா மாநிலத்துத் தென்கோடித் தீவு நகரம் இது. டுவால் தெருவுல கோழிகள் குஞ்சுகளோட ரோட்டைக் கடக்கும், கார்க்காரங்க நின்னு வழிவிடுவாங்க. எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டுல இன்னிக்கும் ஆறு விரல் பூனைகள். சாயங்காலம் மல்லரி சதுக்கத்துல சூரியன் கடல்ல இறங்கினா கூட்டம் கைதட்டும். தினமும் நடக்கிற விஷயத்துக்குக் கைதட்டல்!

குசும்பு பிடிச்ச ஊரும்கூட. 1982-ல எல்லைக் காவல்படை இந்த ஊருக்கு வர்ற நெடுஞ்சாலையை மறிச்சு வண்டி வண்டியா சோதனை போட்டுச்சு. கடுப்பான மேயர் ஏப்ரல் 23 அன்னிக்கு 'சங்குக் குடியரசு'ன்னு தனி நாடு அறிவிச்சார். அமெரிக்கா மேல போர்! கடற்படை உடுப்புல நின்ன ஒருத்தர் தலையில காய்ஞ்ச ரொட்டியை உடைச்சதோட சண்டை முடிஞ்சுது. ஒரே நிமிஷத்துல சரண். கையோட 100 கோடி டாலர் உதவி கேட்டாங்க.

பணம் வரலை. கொண்டாட்டம் மட்டும் வருஷா வருஷம் நடக்குது.

நம்மாளு? 'கியூபாவுக்கு 90 மைல்'னு எழுதின கான்கிரீட் மிதவை முன்னால செல்ஃபிக்கு வரிசையில நின்னார். முறை வர்றதுக்குள்ள ஆபீஸ் மெயில் நாலுக்குப் பதில் போட்டாச்சு.

பாவம், சேவல்மேல பழி.

நீங்க லீவுல மெயில் பார்ப்பீங்களா?