ரெக்கார்டு ரூமும் மணல் தொட்டியும்

என் மனைவி பாடி வைத்துவிட்டுப் போன கேசட்டுகள் பதினொன்று. மாப்பிள்ளை அவற்றைக் கணினிக்கு மாற்றி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தார். வரிசையாகக் கேட்க ஒரு ப்ளேலிஸ்ட்டும் செய்திருந்தார்.

சென்ற மாதம் பேரன் வந்து என் கணினியில் லினக்ஸ் ஏற்றினான். பாட்டுக் கேட்கப் புது மென்பொருளும் போட்டான். அவன் ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை, காப்பி குடித்துவிட்டு டிஸ்கைச் செருகி ப்ளேலிஸ்ட்டைத் திறந்தேன். பாட்டின் பெயர்கள் எல்லாம் வந்தன. ஒன்றுகூடப் பாடவில்லை. எதைத் தொட்டாலும் 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்றது.

கடைக்கு எடுத்துப் போனேன். "டிஸ்க் போயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம்" என்றார் கடைக்காரர். ஃபார்மட் என்றால் துடைத்து அழிப்பது என்பது எனக்குத் தெரியும். டிஸ்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அலுவலகத்தில் ஒரு கோப்பு காணவில்லை என்றால், தொலைந்துவிட்டது என்று உடனே எழுதிவிட மாட்டோம். இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். அதையே செய்தேன். கோப்புகளைக் காட்டும் ஜன்னலில் பாட்டுகள் எல்லாம் இருந்தன. கணினியோடு வந்த இன்னொரு மென்பொருளில் ஒன்றைத் திறந்தேன். பாடியது! டிஸ்க் பழுதில்லை, பாட்டும் பழுதில்லை. புது மென்பொருளிலேயே 'திற' என்று கொடுத்து ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் பாடியது. ப்ளேலிஸ்ட் வழியாகப் போனால்தான் மறுப்பு.

பேரனுக்குப் போன் போட்டேன். "தாத்தா, அது ஃப்ளாட்பேக். சாண்ட்பாக்ஸுக்குள்ள ஓடுது" என்றான்.

பிரெஞ்சில் படித்த எனக்கு அது உடனே 'பாக் ஆ ஸாப்ளு' ஆகிவிட்டது. பிள்ளைகள் விளையாடும் மணல் தொட்டி. உள்ளே என்ன வேண்டுமானாலும் கட்டலாம், மணல் வெளியே சிந்தக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு எழுதிய மென்பொருள் நம் கோப்புகளை எல்லாம் மேயாமல் இருக்கவே இந்தத் தொட்டி.

ஆனால் அவன் மேலே சொன்னபோது நினைவுக்கு வந்தது எங்கள் ரெக்கார்டு ரூம். குமாஸ்தா அங்கே நுழையக் கூடாது. சீட்டு எழுதிக் கொடுத்தால், கேட்ட கோப்பை மட்டும் எடுத்து வந்து தருவார்கள். அதில் 'இன்ன எண் கோப்பையும் பார்க்க' என்று எழுதியிருந்தால், அதற்கு வேறு சீட்டு. 'திற' என்று நாம் தேர்ந்தெடுப்பதுதான் அந்தச் சீட்டு. ப்ளேலிஸ்ட்டுக்குச் சீட்டு கொடுத்தேன், அது வந்தது. அதற்குள் எழுதியிருந்த பாட்டுகளுக்குச் சீட்டு இல்லை.

ஃப்ளாட்சீல் என்று ஒரு சிறிய மென்பொருள் இருக்கிறது. அதில் பாட்டு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, 'ஃபைல்சிஸ்டம்' பகுதியில் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டால் போதும். "எல்லாத்தையும் திறந்து விட்டுடுங்க தாத்தா" என்றான் பேரன். எனக்கு மனம் வரவில்லை. பாட்டுகள் இருக்கும் ஃபோல்டரின் முகவரியை மட்டும் எழுதி, கடைசியில் ஒரு முக்காற்புள்ளி வைத்து 'ஆர்ஓ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தேன். பார்வைக்கு மட்டும், திருத்தவோ அழிக்கவோ முடியாது என்று அதற்குப் பொருள். மென்பொருளை மூடித் திரும்பத் திறந்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கோப்பு திறக்கவில்லை என்றால், வேறொரு மென்பொருளில் திறந்து பார்க்காமல் யாரையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள்.

மூன்றாவது பாட்டில் சரணத்தின் நடுவே அவளுக்கு இருமல் வரும். "நிறுத்துங்க, திரும்பப் பாடறேன்" என்பாள். நான் அன்று நிறுத்தவில்லை. அதனால் அதுவும் இருக்கிறது.