அம்மாவின் முழங்காலும் ஐந்து ஊர்களும்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நாம் முதலில் பணத்தை எண்ணுகிறோம். பணம் வேண்டியதுதான். ஆனால், அதற்கு முன்னே எண்ண வேண்டியது ஒன்று உண்டு. உடன் வருகிறவரின் கால்கள்!

நான் தோட்டப் பள்ளி ஆசிரியை. இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள 'சிங்குவே தெர்ரே'யைப் பார்க்க நான்கு ஆண்டுகளாகச் சேமித்து வருகிறேன். 'ஐந்து நிலங்கள்' என்பது அப்பெயரின் பொருள். மொந்தெரோசோ, வெர்னாத்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்று ஐந்து சிற்றூர்கள். 1997-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்த மலைச்சரிவை அழகாக்கியவர்கள் மன்னர்கள் அல்லர், உழைப்பாளிகள். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாக நிலம் திருத்தித் திராட்சை பயிரிட்டார்கள். பழங்களை முதுகிலும் தலையிலும் சுமந்து இறக்கினார்கள்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மேட்டுக்காட்டில் முப்பது ஆண்டுகள் ரப்பர் மரம் வெட்டிப் பால் வாளி சுமந்தவர் அவர்.

"மலையிலே சுமை தூக்கின சனங்களோட ஊரா? எனக்கும் பார்க்கணும் போல இருக்கும்மா" என்றார்.

அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. "வயதானவரை அலைக்கழிக்காதே, நீ மட்டும் போய் வா" என்றார்கள் உறவினர்கள். அதைக் கேட்டதும் அம்மா பின்வாங்கிவிட்டார். "நீ பார்த்துட்டு வந்து சொல்லு, அது போதும்" என்றார். நல்ல மீன் துண்டை எங்கள் தட்டில் வைத்துவிட்டு அந்தக் காலத்தில் சொன்ன அதே "போதும்"!

அன்றிரவே வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன். வழி கிடைத்தது. மலைப்பாதை இணைக்கும் அதே ஐந்து ஊர்களை ரயிலும் இணைக்கிறது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடங்களே. ஆகவே நான் நடப்பேன். அம்மா ரயிலில் வருவார்.

தங்குவது லா ஸ்பேசியா நகரில். அங்கிருந்து ரியோமஜோரேவுக்கு ரயிலில் சுமார் பத்து நிமிடம். விரைவு வண்டிகள் எல்லா ஊர்களிலும் நிற்பதில்லை. அதனால் உள்ளூர் வண்டியைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். காகிதப் பயணச்சீட்டானால், ஏறுமுன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் மொந்தெரோசோவிலிருந்து வெர்னாத்சாவுக்கு நான் நடப்பேன். மூன்றரை கிலோமீட்டர்தான், ஆனாலும் கற்படிகள் மிகுதி, இரண்டு மணி நேரம் பிடிக்கும். தங்கை மகளும் எங்களுடன் வருகிறாள். அவள் அம்மாவை ரயிலில் அழைத்துப் போய் வெர்னாத்சா துறைமுகத்தில் உட்கார வைப்பாள். நிலையத்திலிருந்து துறைமுகம் கிட்டத்தட்ட ஒரே தெருதான்.

கொர்னீலியா மட்டும் குன்றின் உச்சியில் இருக்கிறது. நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற முந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட படிகள்! அம்மாவுக்காகச் சிற்றுந்து இருக்கிறது.

கடைசி நாள் மூவரும் சேர்ந்து நடப்போம். ரியோமஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் நடுவே கடலோரமாக 'காதல் பாதை' என்று ஒன்று உண்டு. ஒரு கிலோமீட்டர் நீளம், பெரும்பாலும் சமதளம். 2012-இல் பாறை சரிந்து மூடப்பட்ட இப்பாதை 2024-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நேரத்தையும் முன்பதிவு செய்ய வேண்டும்.

மழை எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பேய்மழையில் வெர்னாத்சாவும் மொந்தெரோசோவும் சேற்றில் புதைந்தன. பிழைப்புத் தேடி மக்கள் ஊரைவிட்டுப் போனதால் பல கற்சுவர்கள் கவனிப்பாரின்றிச் சரிந்து கிடக்கின்றன. இதைச் சொன்னபோது அம்மா, "ஆள் இல்லாட்டி மண்ணு நிக்குமா?" என்றார்.

இப்போது அவர் மாலைதோறும் கோயில்வரை நடந்து பழகுகிறார். புதுக் காலணிகூட வாங்கியாகிவிட்டது.

வாசகர்களே, இத்தாலிக்கே போக வேண்டும் என்பதில்லை. பினாங்கானாலும் பத்துமலையானாலும், வீட்டில் மெதுவாக நடப்பவரை முதலில் மனத்தில் வைத்துத் திட்டம் போடுங்கள். வேகமாக நடப்பவர்கள் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.