பூக்கும் நேரத்தில் தொட்டி மாற்றலாமா? மலையடிவாரத்தில் ஒரு சுற்று

'மாடியில் 20 தொட்டிகளில் குண்டுமல்லி வைத்திருக்கிறேன். பூ கட்டிக் கொடுத்துத்தான் வீட்டுச் செலவைச் சமாளிக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து இலை மஞ்சளாகி, மொட்டு கொட்டுகிறது. தண்ணீர் ஊற்றினால் மேலேயே நிற்கிறது. இப்போதே தொட்டி மாற்றலாமா, பூ முடியும்வரை பொறுக்க வேண்டுமா?' என்று திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதி வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மலைக்காட்டு மண்ணைப் பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும்.

மலை மண் சொல்லும் பாடம்

செங்கம் சாலையில் இருக்கிறது ரமணாசிரமம். 1922-ல் ரமணரின் தாயார் அழகம்மாள் மறைந்த பிறகு, அவருடைய சமாதியை ஒட்டி உருவான இடம். முன்வாசலில் முதிர்ந்த இலுப்பை மரம் நிழல் பரப்பி நிற்கிறது. பின்பக்கமாக ஸ்கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை ஏறுகிறது.

இன்று பசுமையாகத் தெரியும் இந்தச் சரிவுகள் ஒரு காலத்தில் விறகு வெட்டு, மேய்ச்சல், கோடைத் தீ என்று மொட்டையாகிப்போனவை. 1988-ல் தொடங்கிய 'அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி'யும், பின்னால் வந்த குழுக்களும், தன்னார்வலர்களும் கன்று நட்டு, தீயை அணைத்து மீட்டெடுத்த காடு இது.

இந்தக் காட்டில் சருகை விலக்கினால் மண் பொலபொலவென்று இருக்கும். மண்புழு, எறும்பு, கரையான் போட்ட துளைகளும், பழைய வேர் மக்கிப்போன இடங்களும் காற்று போகும் வழிகள். யாரும் கொத்திவிடாமலே வேருக்கு மூச்சு கிடைக்கிறது.

தொட்டியில் இந்த வசதி இல்லை. தினமும் மேலிருந்து ஊற்றும் தண்ணீர் மண்ணை இறுக்குகிறது. எரு மக்கிக் குறைய, மண் அமுங்குகிறது. வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்து இடைவெளியை அடைக்கிறது. காற்றில்லாத வேரால் ஈரம் இருந்தும் தண்ணீரை உறிஞ்ச முடியாது. செடி வாடும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பூக்கும்போது ஏன் மாற்றக்கூடாது?

பூக்கும் செடி தன் சேமிப்பையெல்லாம் மொட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வேரை உதறினால், தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் அறுந்துவிடும். செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான். ஆகவே தொட்டியை மாற்றாமல் காற்றுக்கு மட்டும் வழி செய்யுங்கள்.

* தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்துளையில் குச்சி விட்டு அடைப்பை நீக்குங்கள்.
* மண் லேசாகக் காய்ந்ததும், மெல்லிய கம்பியால் தொட்டியின் ஓரத்தை ஒட்டி 5, 6 இடங்களில் அரை அடி ஆழத்துக்குத் துளை போடுங்கள். தண்டின் அருகில் குத்த வேண்டாம்.
* அந்தத் துளைகளில் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். துளை மறுபடி மூடிக்கொள்ளாது.
* மேல் மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்து, மக்கிய தொழுஉரம் போட்டு, சருகு மூடாக்கு இடுங்கள்.
* விரலை 2 அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

அவசரம் என்றால்?

மண்ணில் அழுகல் நாற்றம் அடித்தாலோ, துளை போட்டும் தண்ணீர் இறங்காவிட்டாலோ பொறுக்கக் கூடாது. பூவையும் மொட்டையும் கிள்ளிவிட்டு, மாலை நேரத்தில் வேர்க்கட்டி உடையாமல் எடுங்கள். கறுத்துக் கொழகொழத்த வேரை மட்டும் நறுக்குங்கள். வேர் நன்றாக இருந்தால் 2 அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். அழுகியதை வெட்டியிருந்தால் அதே அளவுத் தொட்டியே போதும். ஒரு வாரம், பத்து நாள் நிழலில் வைத்து, புதுத்துளிர் வந்த பிறகு வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். அதுவரை உரம் வேண்டாம்.

தீபத்தை ஒட்டி மாற்றுங்கள்

குண்டுமல்லிக்குக் கவாத்துக் காலம் நவம்பர் கடைசி வாரம். திருவண்ணாமலையில் அது கார்த்திகை தீபம் நெருங்கும் நேரம். மழை விட்ட நாளாகப் பார்த்துக் கவாத்து செய்து, அப்போதே தொட்டியையும் மாற்றிவிடலாம். செம்மண் 2 பங்கு, பெருமணல் 1 பங்கு, மக்கிய எரு 1 பங்கு என்ற கலவை போதும். ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கும் சேர்க்கலாம். சுற்றிக்கொண்ட வெளிவேரை ஓர் அங்குலம் வெட்டிவிடுங்கள். அடியில் ஜல்லியைக் கொட்டி நிரப்பினால் வடிகால் கூடாது. மண்ணுக்கான இடம்தான் குறையும். துளை மேல் ஓர் ஓட்டுச்சில்லு போதும். மண் தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகிக் காற்று புகும்.

சாமந்தி வைத்திருப்பவர்கள் இதே நாளைப் பின்பற்ற வேண்டாம். கார்த்திகையில் அது பூவில் இருக்கும். பூ ஓய்ந்த பிறகு மாற்றுங்கள்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: 20 தொட்டிகளையும் ஒரே நாளில் கலைக்காதீர்கள். நாற்றம் அடிக்கும் தொட்டிகளை மட்டும் இப்போது மாற்றுங்கள். மற்றவற்றுக்குத் துளை போட்டு மூடாக்கு இட்டால் போதும். இந்தப் பருவத்துப் பூ முழுவதையும் இழக்க வேண்டியிருக்காது.