சட்டைப் பைக் காமிரா

என் தையற்காரருக்கு என்மேல் ஒரு வருத்தம் உண்டு. மூன்று வருஷமாக ஒவ்வொரு சட்டைக்கும் இடது பக்கப் பையை இரட்டைத் துணி வைத்துத் தைக்கச் சொல்கிறேன். "ஒரு பேனாவுக்கு இம்புட்டுப் பலமா சார்?" என்று முதல் தடவை கேட்டார். பேனாவுக்கல்ல, இதற்கு என்று காமிராவை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "சோப்புக் கட்டியாட்டம் இருந்துக்கிட்டு இந்தக் கனம் கனக்குதே!" என்றார்.

பாட்டரியும் கார்டும் சேர்ந்தால் ஏறக்குறையக் கால் கிலோ. குனிந்தால் பை மட்டுமல்ல, சட்டையே முன்னால் வந்துவிடுகிறது. பைக்குள் அடங்கும் காமிரா என்று விளம்பரம் எழுதியவர் எந்தத் தேசத்துப் பையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினாரோ!

கையில் போன் இருக்கும்போது தனியாக ஒரு காமிரா எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். என் வீட்டிலேயே கேட்டாகிவிட்டது. உலகமும் அந்தக் கட்சிதான். ஜப்பானியக் கம்பெனிகள் 2010-ஆம் வருஷம் சந்தைக்கு அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் சுமார் 12 கோடி; 2023-இல் 80 லட்சம்கூட இல்லை. மலிவான சின்னக் காமிராக்களைப் போன் விழுங்கிவிட்டது. மிஞ்சியவற்றில் ஒரு ஜாதி, உருவத்தில் சிறியதாகவும் விலையில் பெரியதாகவும் இருப்பது. 2012-இல் ஸோனி கம்பெனியார் ஆர்.எக்ஸ்.100 என்ற காமிராவைக் கொண்டுவந்தபோது இந்த ஜாதிக்கு மவுசு ஏறியது. என்னிடம் இருப்பதும் இதே ஜாதிதான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பின்னால் கொஞ்சம் வையப் போகிறேன்.

இதன் பெருமையெல்லாம் உள்ளே இருக்கும் சென்ஸாரில் இருக்கிறது. பழைய காமிராவில் பிலிம் இருந்த இடத்தில் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் தகடு அது. ஒரு அங்குல சென்ஸார் என்று பெயர். அளந்து பார்த்தால் அகலம் 13.2 மில்லிமீட்டர், உயரம் 8.8. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு அங்குலம் வராது. அந்தக் காலத்து டெலிவிஷன் காமிராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் சுற்றளவுக் குறுக்கை வைத்துச் சொன்ன கணக்காம். குழாய் போய்விட்டது, கணக்கு மட்டும் நிற்கிறது. எட்டு முழ வேட்டி என்று சொல்லி நாலு முழத்தைக் கிழித்துக் கொடுத்தால் விளக்குத்தூண் ஜவுளிக் கடைக்காரரைச் சும்மா விடுவோமா? ஆனாலும் சாதாரணச் சின்னக் காமிராக்களின் தகட்டைப் போல் இது நாலு மடங்கு. வாய் அகலமான குடம் மழையில் சீக்கிரம் நிறைகிறதல்லவா? அதே விஷயம்தான்.

அதனுடைய அருமை தெரிய வேண்டுமானால் விடியும் முன்னே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். தலைக்கு மேல் ஏதோ ஒரு பல்பு. கீழே சாக்கை விரித்து மல்லிகையைக் குவித்திருப்பார்கள். தராசைப் பிடித்தபடி விலை கத்துகிறவர், பக்கத்தில் கண் அயர்ந்துவிட்ட பையன், பூவுக்கு மேலே புகையும் டீ. பெரிய காமிராவை நீட்டினால் "எந்தப் பத்திரிகை சார்?" என்று கேட்டுக்கொண்டே தலையைக் கோதிக்கொள்வார்கள். இதை நீட்டினால் யாரும் சட்டை செய்வதில்லை. ப்ளாஷ் வேண்டாம், ஸ்டாண்டு வேண்டாம். அந்த மங்கிய மஞ்சள் வெளிச்சம் மஞ்சளாகவே படத்தில் இறங்குகிறது. போன் இப்போது பல படங்களை எடுத்துக் கூட்டிச் சேர்த்து இருட்டைப் பகலாக்கிக் கொடுக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நாலு மணி இருட்டு எனக்கு நாலு மணி இருட்டாகவே வேண்டும்.

1858-இல் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ உத்தியோகஸ்தர் மதுரையைப் போட்டோப் பிடித்தார். திருமலை நாயக்கர் மகால், புது மண்டபம், தெப்பக்குளம் எல்லாம் அவர் படங்களில் இருக்கின்றன. காகிதத்தில் மருந்து பூசி எடுத்த நெகடிவ்கள். வெளிச்சம் ஏற நேரம் பிடிக்கும், அசைகிறவர்கள் விழமாட்டார்கள். அந்தப் படங்களில் மகாலின் தூண்கள் பிரமாதமாக நிற்கின்றன; மனிதர்களைத்தான் தேட வேண்டும். அதே தூண்களுக்கு நடுவே ஒரு குழந்தை ஓடியதைப் போன வருஷம் நான் ஒரு கையால் எடுத்தேன், மறு கையில் பட்டாணிப் பொட்டலத்தோடு. (மீனாட்சியம்மன் கோயிலுக்குள் இந்த ஜம்பம் செல்லாது. செல்போனும் காமிராவும் வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.)

இனி வைகிற கட்டம்.

நம் ஊர் வெயிலைக் கனவிலும் காணாதவர்கள் செய்த காமிரா இது. கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் இல்லை; முதுகில் இருக்கும் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சித்திரை மாதத்துப் பதினோரு மணிக்கு அந்தத் திரையில் தெரிவது என் மூஞ்சிதான். பிறகு வந்த சிலவற்றில் துவாரம் வைத்தார்கள். அதற்குத் தனி விலை. பாட்டரி இருக்கிறதே, தீக்குச்சி மாதிரி. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மூன்று பாட்டரியோடு போனேன். பக்தர்கள் தோல் பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் இதன்மேல் பட்டதும் பாட்டரியை மறந்துவிட்டு மேல் துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டேன். அழகரைக் கண்ணால்தான் சேவித்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உபத்திரவம் புழுதி. ஒவ்வொரு தடவையும் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகிறது. கொல்லன் துருத்தி மாதிரி காற்றை இழுக்கிறது. காற்றோடு மேலூர் ரோட்டுப் புழுதியையும் இழுக்கிறது. பெரிய காமிராவானால் லென்ஸைக் கழற்றித் துடைக்கலாம். இதைத் திறக்க ரிப்பேர்க்காரரால்தான் ஆகும். அவர் சொன்ன கூலியைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஆனைமலையை எடுத்த ஒரு படத்தில், வானத்தில் மூன்று கரும்புள்ளிகள். பருந்துகள் என்று ஒரு சிநேகிதரிடம் சொன்னேன், நம்பினார். சமணர் மலைப் படத்தைக் காட்டியபோது, "அதே மூணு பருந்து கீழக்குயில்குடிக்கும் வந்திருச்சே!" என்றார்.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். ஒரு குறையை மட்டும் எனக்கு என் அத்தை காட்டிக்கொடுத்தார்.

மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருக்கிறார் அத்தை. எண்பதைத் தாண்டியவர். காதில் இன்னும் தண்டட்டி ஆடுகிறது. அந்த ஊரில் அவரோடு சேர்த்து மூன்று பேர் காதில்தான் மிச்சம். பொங்கலுக்குப் போயிருந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பல்பு, கீழே நெருப்பு. ப்ளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி அடிக்கலாம். ஆனால் கரி படிந்த ஓட்டிலிருந்து எந்த வெளிச்சம் திரும்பி வரும்? ஆகவே லென்ஸை அகலத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றரை அடி தூரத்துக்குப் போய், அவர் நிமிர்ந்த கணத்தில் அமுக்கினேன். சொல்லவில்லை, கேட்கவில்லை. எடுத்தது அவருக்குத் தெரியவும் தெரியாது.

என் ஆயுளிலே எடுத்த நல்ல படம் அதுதான் என்று நினைத்தேன். நெருப்பு வெளிச்சம் கன்னத்துச் சுருக்கங்களில் ஓடியது. ஐந்தாறு பேருக்குக் காட்டினேன். புஸ்தக அட்டைக்குக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டார். சரி என்றும் சொல்லிவிட்டேன். பெரிதாகப் பிரிண்டு போட்டு எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன்.

வெகு நேரம் பார்த்தார்.

"யாருப்பா இது?"

"நீங்கதான் அத்தே."

"மூக்கு மட்டும் முன்னால வந்து நிக்குது. காது எங்க?"

கையைத் தூக்கி ஒரு பக்கத் தண்டட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு கிட்டத்தில் நின்று எடுத்தால் கிட்டத்தில் இருக்கிற மூக்கு பெருக்கும், பின்னால் இருக்கிற காது சிறுத்து ஒதுங்கும். வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. எட்டி நின்று லென்ஸை நீட்டி எடுத்தால் முகம் முகமாக இருக்கும். அங்கேதான் இந்த ஜாதிக் காமிராவின் சூட்சுமம். 2012-இல் வந்த அந்த முதல் காமிராவில் லென்ஸ் அகலத்தில் எஃப் 1.8, முழுக்க நீட்டினால் எஃப் 4.9. அதாவது நீட்டும்போது அகலத்தில் வந்த வெளிச்சத்தில் ஏழில் ஒரு பங்குதான் உள்ளே வரும். பின்னால் வந்தவற்றில் கொஞ்சம் தேவலை. என்னுடையது தேவலை ரகம் அல்ல. கிட்டப் போனால் வெளிச்சம் உண்டு, முகம் இல்லை. எட்டிப் போனால் முகம் உண்டு, அடுப்படி வெளிச்சம் போதாது.

வெளிச்சத்தின் அழகைப் பற்றி அத்தையிடம் ஏதோ சொல்லிப் பார்த்தேன். "ரசிக்கிறவங்க அவங்க வீட்டுல மாட்டிக்கிரட்டும்" என்றார். பிறகு, அவ்வளவு பேச வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, மெல்லச் சொன்னார்: "ஆதார் அட்டையில இருக்க படத்தத்தான் பெருசு பண்ணுவாங்க இவனுங்க. அதுக்கு மாலை போட்டா நான் எந்திரிச்சு வந்துருவேன். நீ வந்ததுதான் வந்த, எனக்குன்னு ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டுப் போ."

மறுநாள் எட்டு மணிக்குத் திண்ணைக்கு வந்தார். சுங்குடிச் சேலை, தலை வாரி, நெற்றியில் திருநீறு. தயாராக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். நான் ஏழடி தள்ளி வாசலில் நின்று லென்ஸை நீட்டினேன். திண்ணையில் நல்ல நிழல். என் முதுகுப் பக்கம் கிழக்கு வெயில். திரையில் ஒன்றும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் துண்டை எடுத்துத் தலையோடு காமிராவையும் மூடிக்கொண்டேன், பழைய காலத்து ஸ்டூடியோக்காரர் மாதிரி. இரண்டு படம் எடுத்தேன். அத்தை சாமி சிலை போல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது எடுக்கும்போது துண்டு வழுக்கி என் கண்ணை மறைத்தது. அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தண்டட்டி இரண்டும் ஆடியது அப்படியே விழுந்திருக்கிறது.

அந்த மூன்றாவதைத்தான் பிரிண்டு போடலாம் என்றேன். வேண்டாம் என்றார்.

"சிரிச்ச படத்த மாட்டுனா, போய்ச் சேந்ததுக்குச் சந்தோசப்பட்ட மாதிரி இருக்கும். உம்முனு இருக்கதே போடு."

மேலூரில் பிரேம் போடுகிறவர், "கீழே தோற்றம், மறைவு ஏதும் போடணுமா?" என்று தொழில் முறையில் கேட்டார். நான் திடுக்கிட்டு அத்தையைப் போனில் கூப்பிட்டேன். பிறந்த வருஷம் அவருக்குத் தெரியாது. ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருக்கிறது. ஆடியில் பிறந்தவர் என்பது மட்டும் நிச்சயம். சிறிது யோசித்துவிட்டு, "ரெண்டு வரிக்கு எடம் விட்டு வைக்கச் சொல்லுப்பா" என்றார்.

புஸ்தக அட்டைக்குக் கேட்டவரிடம் படம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுப்படிப் படம் இன்னும் கார்டில் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை, அழிக்கவும் கை வரவில்லை. அத்தை வீட்டுக் கூடத்தில், மாமா படத்துக்குப் பக்கத்தில் புதுப் படம் மாட்டியிருக்கிறது. காது இரண்டும் நன்றாகத் தெரிகின்றன. அடியில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெள்ளையாக இடம் விட்டிருக்கிறார்கள். அத்தை அதன் கீழேதான் பாயை விரித்து மத்தியானம் படுக்கிறார்.