அந்த ஆறு மணித்தியாலம்



இன்று நவம்பர் 17, உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம். இதை எழுதுவதா வேண்டாமா என்று கணவனும் மனைவியுமாகப் பல நாள் பேசினோம். போன கிழமை பாடசாலை ஓய்வறையில் கர்ப்பிணியான ஓர் இளம் டீச்சர் ஃபோனைக் காட்டி, "ஒரு துளி இரத்தத்துல புள்ள முந்திப் பொறக்குமா என்டு சொல்லிருவாங்களாம். வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்வமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை ஊருக்கும் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் மூத்த மகன் 30ஆவது கிழமையில் பிறந்தார். தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் வீட்டில் குவிந்து கிடந்த நேரம். அஸருக்குப் பிறகு அடிவயிறு இறுகுவதும் விடுவதுமாக இருந்தது. முதுகும் பிடித்தது. "வாய்வாக்கும்" என்றோம். கொத்தமல்லி அவித்துக் குடித்தோம். மஃரிபுக்குப் பிறகு பெரியவர்கள் ஓதிப் பார்த்தார்கள். "இன்னும் ரெண்டரை மாசம் கிடக்கே, இப்ப போனா வாட்டுல மறிச்சிருவாங்க" என்று தள்ளிப்போட்டதும் நாங்கள்தான். ஓட்டோவில் ஏறும்போது இரவு பத்து மணி. வாட்டில் முதல் ஊசி போட்டு இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளை பிறந்துவிட்டது.

நுரையீரல் விரியவில்லை. மூன்றாம் நாள் சுபஹுக்கு முன் மௌத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்த ஊசி என்னவென்று பிறகுதான் விளங்கிக்கொண்டோம். பிள்ளையின் நுரையீரலைச் சீக்கிரம் முதிரவைக்கும் ஸ்டீரொய்ட் மருந்து அது. நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ், ஹோவி என்ற இரு வைத்தியர்கள் 1972இல் அதன் பலனை நிரூபித்தார்கள். விலை கூடிய மருந்தல்ல, எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. ஆனால் நல்ல பலன் கிடைக்க ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். கூடவே, ஒரு கிழமை கடந்தால் பலன் குறையத் தொடங்கும். அதனால் பிள்ளை எப்போது பிறக்கும் என்று முன்கூட்டித் தெரிந்தால் பெரிய உதவி. உலகம் முழுவதும் தாயின் இரத்தத்தில் அடையாளம் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது பிள்ளை தரித்தபோது நாங்களும் அதைத்தான் தேடினோம். கத்தாரில் இருக்கும் மச்சான் வீடியோ அனுப்பினார். நகையை அடகு வைத்தாவது செய்வோம் என்று நின்றோம். வாசித்துப் பார்த்ததில் விளங்கியது இதுதான்.

பிள்ளையிடமிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும் நுண்ணிய பொருட்கள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. 2016இல் அமெரிக்காவில் 5,501 தாய்மாரைச் சேர்த்துச் செய்த ஆய்வில், 19, 20ஆம் கிழமைகளில் இரண்டு புரதங்களின் விகிதம் குறைமாதப் பிரசவத்தோடு தொடர்புபடுவதைக் கண்டார்கள். 2018இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் குவேக்கும் அவரது குழுவினரும் இரத்தத்தில் மிதக்கும் ஆர்.என்.ஏ.யை வைத்து, இரண்டு மாதம் வரை முன்கூட்டியே 75 முதல் 80 வீதம் சரியாகச் சொல்லலாம் என்றார்கள். குவேக்கின் சொந்த மகளும் குறைமாதத்தில் பிறந்தவர்தான். ஆனால் அந்தக் கணிப்பில் இருந்த தாய்மார் 38 பேர், எங்கள் ஒரு வகுப்பறை அளவு. அவர்களும் ஏற்கெனவே ஆபத்து உள்ளவர்கள்.

இன்னொரு பரிசோதனை, பிரஷர் கூடிவரும் பிரீ-எக்ளாம்சியாவுக்கானது. குறைமாதத்தில் பிள்ளையை எடுக்கவேண்டி வருவதற்கு அதுவும் பெரிய காரணம். இரத்தத்தில் இரண்டு புரதங்களின் விகிதத்தைப் பார்க்கிறார்கள். அந்த நோய் இருக்குமோ என்று சந்தேகிக்கப்பட்ட தாய்மாரிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில், விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே வந்தவர்களில் 99 வீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அடுத்த ஒரு கிழமைக்குள் அது வரவில்லை. 38க்கு மேலே வந்த நூறு பேரில் நான்கு கிழமைக்குள் வந்தது ஏறக்குறைய 37 பேருக்கு. மற்ற 63 பேருக்கு வரவில்லை. அதாவது "இப்போதைக்கு இல்லை" என்பதை நன்றாகச் சொல்கிறது. "வரும்" என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல அதனால் முடியவில்லை.

இதையெல்லாம் தூக்கிக்கொண்டு வி.ஓ.ஜி. டொக்டரிடம் போனோம். சிரித்துவிட்டுக் கேட்டார்: "நீங்க டீச்சர்மார்தானே. ஒரு பிள்ளை பெயிலாகும் என்டு முதலே தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"பின்னேர வகுப்பு வைப்போம் டொக்டர்."

"வகுப்பு வைக்காட்டி, தெரிஞ்சு என்ன பிரயோசனம்? உங்கட முதல் பிள்ளை 30 கிழமையில பிறந்திருக்கு. அதுவே பெரிய அடையாளம், அதுக்குக் காசு தேவையில்லை. இப்ப வகுப்பை வைப்பம்."

அவர் சொன்ன வகுப்பு இதுதான். கருப்பைக் கழுத்தின் நீளத்தை ஸ்கேனில் அளந்தார். 25 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அதற்கு மருந்தும் தையலும் இருக்கின்றன என்றார். ஒவ்வொரு கிளினிக்கிலும் பிரஷரும் சலமும் பார்த்தார்கள். மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வந்தார். இறுக்கம் வந்தால் யாரிடமும் கேட்காமல் புறப்பட வேண்டும் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தந்தார்.

குடும்பத்தில் ஒருவர், "வயித்துல உள்ளத அல்லாஹ்தான் அறிவான், இதெல்லாம் எதுக்கு?" என்றார். மறைவானதை அறிய நாங்கள் போகவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கத்தான் போனோம்.

31ஆவது கிழமையில் இரவு ஒரு மணிக்கு அதே இறுக்கம். இந்தமுறை யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. உம்மாதான் முதலில் எழும்பிப் பையைத் தூக்கினார். ஊசிகள் முழுமையாகப் போட்டு முடிந்தன. நான்காம் நாள் மகள் பிறந்தார், 1.6 கிலோ. நெஞ்சோடு ஒட்டவைத்து இரவும் பகலும் மாறி மாறிச் சுமந்தோம். மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

ஊசி கிடைத்த எல்லாப் பிள்ளையும் பிழைக்கும் என்று சொல்ல வரவில்லை. அந்த ஆறு மணித்தியாலம் கையில் இருந்திருந்தால் மூத்தவர் இருந்திருப்பார் என்றும் சொல்ல முடியாது. அது அல்லாஹ்வின் கத்ர். ஆனால் அந்த நேரத்தைக் கொடுக்காமல் விட்டது நாங்கள். உம்மா இன்றும் கொத்தமல்லி அவிக்கும்போது பேசமாட்டார். அவரை நாங்கள் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

புதிய பரிசோதனைகள் இன்னும் சரியாகி எங்கள் ஊர் கிளினிக் வரை வரட்டும், இன்ஷா அல்லாஹ். அதுவரை கையில் இருப்பதை வீணாக்க வேண்டாம். எட்டுக் கிழமைக்குள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் பதியுங்கள். இரத்தசோகை, சீனி, வி.டி.ஆர்.எல். என்று கிளினிக்கில் இலவசமாக எடுக்கும் இரத்தத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சிபிலிசும் எச்.ஐ.வி.யும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்ததும் அந்த ஊசிமுனை இரத்தத்தால்தான்.

37 கிழமைக்கு முன் வயிறு விட்டு விட்டு இறுகினால், தண்ணீர் கசிந்தால், இரத்தம் பட்டால், கீழே அழுத்தினால், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய்வாக இருந்தால் திரும்பி வரலாம், வெட்கமில்லை. மாமிமாரே, உம்மாமாரே, மருமகள் சொல்வதற்கு முன் நீங்களே ஓட்டோவுக்குச் சொல்லுங்கள். கணவன்மாரே, அந்தக் கடைசி மூன்று மாதம் ஃபோனைச் சைலண்டில் வைக்காதீர்கள்.

எங்கள் மகள் வரும் தை மாதம் தரம் 1க்குப் போகிறார். மூத்தவரின் கப்ரடிக்கு வெள்ளிக்கிழமைகளில் அவரையும் கூட்டிப் போகிறோம். இருவருக்காகவும் துஆ செய்யுங்கள்.

வீட்டில் கர்ப்பிணித் தாய் இருக்கும் யாருக்காவது இதை வாசித்துக் காட்டுங்கள்.