இசைத்தட்டும் இறுவட்டும்

ஒலியைப் பற்றிய விவாதங்களுக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. ஓவியமொன்றைப் பற்றி இருவர் கருத்து மாறுபட்டால், இருவரும் அதன் முன் சென்று மீண்டும் பார்க்கலாம். செய்யுளைப் பற்றி மாறுபட்டால் ஏட்டைப் புரட்டலாம். ஒலியோ கேட்ட கணத்திலேயே மறைந்துவிடுகிறது. எஞ்சுவது கேட்டவர் நினைவு மாத்திரமே. அந்நினைவையே சான்றாகக் கொண்டு, 1960களிலும் 1970களிலும் வெளிவந்த றொக் இசைத்தொகுப்புக்களைக் கறுப்பு வைனைல் தட்டிற் கேட்பதே உண்மையான கேட்டல் என ஒரு சாராரும், இறுவட்டும் அதன் வழிவந்த இலக்கமுறைக் கோப்புக்களுமே குறையற்றவை என மற்றொரு சாராரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகின்றனர். முன்னவர் தட்டின் ஒலியை ‘இதமானது’ என்பர். பின்னவர் இறுவட்டின் ஒலியைத் ‘தெளிவானது’ என்பர். இச்சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன என்பதை நிதானமாக ஆராய வேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டது.

இங்கிலாந்திற் படித்துத் திரும்பிய என் தாய்மாமன் தேடிச் சேர்த்த நாற்பது வரையான இசைத்தட்டுக்கள் அவர் மறைவுக்குப் பின் என் பொறுப்பில் வந்தன. எமது காலநிலையில் அவற்றைப் பேணுதல் இலகுவன்று. மாரியில் உறைகளிற் பூஞ்சணம் படரும். வெயில் பட்டால் தட்டு வளைந்துவிடும். வீடு மாற நேர்ந்தபோது, “இவையெல்லாம் கைத்தொலைபேசியிலேயே கேட்கக்கூடியவைதானே, இந்தச் சுமை எதற்கு?” என்று வீட்டார் வினவினர். நியாயமான வினா. மாமாவின் மீதுள்ள பாசத்தை விடையாகக் கூறியிருக்கலாம். ஆயின் பாசத்தைச் செவியின் தீர்ப்பு என்று பெயரிட்டு அழைக்க நான் விரும்பவில்லை. செவி என்ன சொல்கிறது என்பதைத் தனியாக அறிய விரும்பினேன்.

முதலில் தட்டின் இயல்பை நோக்குவோம். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948 இல் அறிமுகம் செய்தது. ஒலியலையின் வடிவமே அதன் தவாளிப்பிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஊசி அவ்வடிவத்தைத் தடவிச் செல்கிறது. தாழ்ந்த சுரங்கள் பேரலைவு கொண்டவையாதலால் தட்டில் அதிக இடத்தை விழுங்கும். எனவே வெட்டும்போது அவற்றைக் குறைத்தும் உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் பதிப்பர். இசைக்கும்போது பெருக்கி அதனைத் தலைகீழாக்கிச் சமன் செய்யும். இதற்கான பொது நியமம் 1954 இல் வகுக்கப்பட்டது. ஆகவே தட்டும் ஒலியை ‘அப்படியே’ தருவதில்லை. மாற்றிப் பதித்து மீட்டுத் தருகிறது. மேலும், சுழற்சி வேகம் மாறாதிருப்பினும் ஊசி கடக்கும் தூரம் மாறுகிறது. வெளிவிளிம்பிற் செக்கனுக்கு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் நீளத்தில் விரிந்து கிடக்கும் அதே ஒலி, நடுவை அண்மிக்கும்போது 21 சென்ரிமீற்றருக்குள் அடங்க வேண்டியுள்ளது. பக்கத்தின் முடிவிலுள்ள பாடல்களில் உயர்சுரங்கள் சற்றே கரகரப்பதன் காரணம் இதுவே.

இறுவட்டின் முறை வேறு. சொனி, பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்கள் இணைந்து உருவாக்கி 1982 இல் யப்பானில் விற்பனைக்கு விட்ட இவ்வூடகத்தில், ஒலியலையின் உயரம் செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாக எண்ணில் எழுதப்படுகிறது. ‘அப்படியாயின் ஒலி துண்டு துண்டாகத்தானே கிடைக்கும்?’ என்பது தட்டின் அபிமானிகள் எழுப்பும் தடை. அது தோற்ற மயக்கம். ஓர் அலையிலுள்ள மிக உயர்ந்த மீடிறனின் இருமடங்கிற்கும் கூடிய வேகத்தில் அளந்தால், அந்த அளவுகளிலிருந்து முழு அலையையும் இடைவெளியின்றி மீட்கலாம் என்பது நிறுவப்பட்ட கணிதத் தேற்றம். இளஞ்செவி கேட்கக்கூடிய மேலெல்லை ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ். வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடைப்பட்ட வீச்சு இறுவட்டில் ஏறத்தாழ 96 தெசிபெல். நல்ல தட்டில் 60 முதல் 70 வரை. அளவுகோலை மட்டும் வைத்துத் தீர்ப்பதாயின் வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

ஆயினும் அளவுகோல் இசை கேட்பதில்லை. ஆகவே பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரின் துணையுடன், பிங்க் புளொயிட் குழுவினர் 1973 இல் வெளியிட்ட ‘த டாக் சைட் ஒவ் த மூன்’ தொகுப்பின் தட்டையும் இறுவட்டையும், ஒலியளவைக் கருவியாற் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்பதைக் கேட்போர் அறியாதவாறு திரைக்குப் பின் வைத்து மாறி மாறிக் கேட்டோம். இலண்டன் அபே றோட் கலையகத்தில் அலன் பார்சன்ஸ் ஒலிப்பதிவு செய்த இத்தொகுப்பு, மௌனத்திலிருந்து மெல்ல எழும் இதயத்துடிப்புடன் தொடங்குகிறது. தட்டில் அத்துடிப்பு ஊசியின் இரைச்சலுக்குள்ளிருந்து வெளிப்படுகிறது. இறுவட்டிலோ வெறுமையிலிருந்து பிறக்கிறது. இவ்விடத்தில் இரண்டையும் பிரித்தறியாதார் எம்முள் எவருமிலர். கிளெயர் ரொறி என்னும் பாடகி சொற்களின்றிக் குரலெடுத்துப் பாடும் பகுதி முதற் பக்கத்தின் இறுதிக் காற்பங்கில், அதாவது தவாளிப்பு நெருங்கும் இடத்தில் அமைந்துவிட்டது. அங்கு தட்டின் திரிபை இருவர் இனங்கண்டனர். அவர்களுள் ஒருவர் அதனையே ‘உயிர்ப்பு’ என்றார். எனினும் முழு வாத்தியங்களும் உரத்து ஒலிக்கும் இடங்களில் எமது ஊகங்கள் கலைந்து போயின. ஒருவர் சொன்னதையே அவர் மறுமுறை சொல்லவில்லை.

அன்றைய மாலையிற் பெரிய வேறுபாடு எழுந்தது எதிர்பாராத ஓரிடத்தில். வேறொரு பழைய றொக் தொகுப்பின் இரண்டு இறுவட்டுக்களை, 1980களில் வந்ததையும் அதன் பின்னர் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற அடைமொழியுடன் வந்ததையும், இறுதியாக ஒப்பிட்டோம். இரண்டும் ஒரே ஊடகம். ஆயினும் தட்டுக்கும் இறுவட்டுக்கும் இடையே நாம் கேட்ட வேறுபாட்டைவிட இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பன்மடங்கு வெளிப்படையாக இருந்தது. ஒலியளவைச் சமப்படுத்துமுன் பிந்தியது உரத்து ஒலித்தமையால் எல்லோரும் அதனையே விரும்பினர். சமப்படுத்தியபின் முந்தியதே சிறந்தது என்றனர். பிந்தியதில் முரசின் ஒவ்வோர் அடியும் தலை வெட்டப்பட்டது போன்று மழுங்கியிருந்தது.

இதன் காரணத்தை அறிய, நாடாவுக்கும் தட்டுக்கும் நடுவே நிற்கும் ஒருவரை நாம் கவனிக்க வேண்டும். இசைக்கலைஞர் காந்த நாடாவிற் பதிந்ததை இறுதி வடிவத்துக்குச் சீரமைத்துத் தருபவர் அவர். அத்தொழிலை மாஸ்ரரிங் என்பர். 1969 இல் வெளிவந்த ‘லெட் செப்பலின் 2’ தட்டின் முதல் வெட்டைச் செய்தவர் றொபேட் லட்விக். தாழ்சுரங்களின் முழு வலிமையையும் அவர் தட்டில் ஏற்றினார். மலிவான கருவிகளில் ஊசி அவ்வலிமையைத் தாங்காது துள்ளியது. அட்லாண்டிக் நிறுவனம் அவ்வெட்டைக் கைவிட்டு, தாழ்சுரங்களைத் தணித்து மறுவெட்டுச் செய்தது. லட்விக்கின் முதலெழுத்துக்கள் கீறப்பட்ட அந்த முதல் வெட்டைச் சேகரிப்போர் இன்றும் பெருவிலை கொடுத்துத் தேடுகின்றனர். ஒரே நாடா, ஒரே ஊடகம், இரு வேறு ஒலிகள்.

தட்டின் பலவீனமே அதன் காவலாகவும் இருந்தது என்பதை இங்கு காண்கிறோம். எல்லை மீறினால் ஊசி துள்ளும். ஆகவே வெட்டுபவர் அடக்கத்துடன் நடந்துகொள்ள வேண்டியிருந்தது. இறுவட்டில் அத்தகைய தண்டனை இல்லை. 96 தெசிபெல் வீச்சை வழங்கிய ஊடகத்தில், 1990களிலிருந்து, மெல்லிய ஒலிகளையும் உரத்த ஒலிகளின் மட்டத்துக்கு உயர்த்தி நெருக்கும் வழக்கம் பரவியது. வானொலியிலும் கடையிலும் தமது வெளியீடே உரத்துக் கேட்க வேண்டும் என்ற போட்டி அதற்குக் காரணம். ஸ்ரூஜஸ் குழுவின் ‘றோ பவர்’ 1973 இல் வெளிவந்த தொகுப்பு. 1997 இல் இகி பொப் அதனை மறுகலவை செய்து வெளியிட்டபோது, ஒலி எல்லைச் சுவரில் மோதிச் சிதையுமளவுக்கு உயர்த்தப்பட்டிருந்தது. இத்தகைய வெளியீடுகளைக் கேட்டு மனங்கசந்தோர் இலக்கமுறையையே பழித்தனர். விசாலமான மண்டபத்தில் ஒருவர் ஓயாது கூச்சலிட்டால் அதற்கு மண்டபத்தை எவ்வாறு குறைகூறுவது?

மறுதரப்பின் நம்பிக்கையும் சோதனைக்கு உள்ளாகாமலில்லை. 1985 இல் வெளிவந்த டயர் ஸ்ரெயிற்ஸ் குழுவின் ‘பிறதர்ஸ் இன் ஆம்ஸ்’ இலக்கமுறையிலேயே பதிவு செய்யப்பட்டது. அதன் தட்டிற் சில பாடல்கள் இடமின்மையாற் சுருக்கப்பட்டிருந்தன. அதனைத் தட்டிற் கேட்பவர் இலக்கங்களிலிருந்து தப்பவில்லை. இசையிற் சில நிமிடங்களை இழந்ததே மிச்சம். இதனினும் கூர்மையான நிகழ்ச்சி 2022 இல் நேர்ந்தது. மூல நாடாக்களிலிருந்து உயர்விலைத் தட்டுக்களை ஆக்கிவந்த மொபைல் பிடெலிற்றி என்னும் அமெரிக்க நிறுவனம், 2011 முதலே பல தட்டுக்களை இலக்கமுறைப் பிரதியை இடையில் வைத்தே வெட்டியது என்பது அவ்வாண்டில் வெளியாயிற்று. இலக்கமுறையின் சாயலே படாதவை என்று அத்தட்டுக்களைப் போற்றிய நுண்செவியினர் இவ்வளவு காலமும் அதனைச் செவியால் உணரவில்லை. பலர் இதைக் கேட்டு நகைத்தனர். எனக்கு நகைப்புக்குரியதாகத் தோன்றவில்லை. அத்தட்டுக்கள் நல்லவை என்ற அவர்களது தீர்ப்பு சரியானதே. ஏன் நல்லவை என்பதற்கு அவர்கள் கூறிய காரணமே பிழை. கவனமான கைகள் செய்த வேலையை அவர்கள் கேட்டனர். ஊடகத்தைக் கேட்டதாக எண்ணினர்.

அவ்வாறாயின் ஊடகத்துக்கென்று ஒன்றுமே இல்லையா? உண்டு, அது ஒலியின் தரத்தைவிடக் கேட்கும் முறையையே பெரிதும் பற்றியது. நெடுந்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ இருபது நிமிடம். அதனை அறிந்தே அக்காலக் கலைஞர் தமது தொகுப்பை இரு பகுதிகளாகக் கட்டினர். கிளெயர் ரொறியின் குரல் ஓய்ந்ததும் எழுந்து சென்று தட்டைத் திருப்ப வேண்டும். அந்த மௌனத்துக்குப் பின்னரே காசு குலுங்கும் ஓசையுடன் ‘மணி’ பாடல் தொடங்கும். இறுவட்டில் அவ்விடைவேளை இல்லை. பீற்றில்ஸ் குழுவினர் 1967 இல் வெளியிட்ட ‘சார்ஜன்ற் பெப்பர்’ தட்டின் பிரித்தானியப் பதிப்பில், கடைசி வளையத் தவாளிப்பில் ஒரு பிதற்றொலி பதிக்கப்பட்டிருந்தது. ஊசியைத் தூக்கும்வரை அது முடிவின்றிச் சுழலும். 1987 இல் இறுவட்டாக்கியபோது அதனைச் சில தடவை ஒலிக்கவிட்டு மங்கச் செய்தனர். முடிவின்மையை நிறுத்துவது கேட்பவரின் கை என்னும் அந்த வேடிக்கை வட்டத் தவாளிப்புக்கே உரியது. எத்தனை தெசிபெல்லாலும் அதனை ஈடு செய்ய முடியாது.

வீட்டாருக்கு நான் அளித்த விடை இவ்வாய்விலிருந்து பிறந்தது. மாமாவின் தட்டுக்கள் முழுவதையும் வைத்துக்கொள்ளவில்லை. நன்கு வெட்டப்பட்டவற்றையும், தட்டுக்கென்றே சிந்திக்கப்பட்டவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டேன். தேய்ந்தவற்றையும், நல்ல இறுவட்டு எவற்றுக்குக் கிடைக்கிறதோ அவற்றையும் சேகரிக்கும் இளைஞர்களுக்குக் கொடுத்துவிட்டேன். பாசத்தின் பொருட்டு மாத்திரம் வைத்துக்கொண்டவை இரண்டு உண்டு. அவற்றின் ஒலி சிறந்தது என்று எவரிடமும் நான் வாதிடுவதில்லை.

ஆகவே ‘தட்டா, வட்டா?’ என்று வினவுவோரிடம் நான் திருப்பிக் கேட்க விரும்புவது இதுவே: எந்த நாடாவிலிருந்து, எந்த ஆண்டில், யாருடைய கையால்? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுவோர் உறைகளின் சிற்றெழுத்தை வாசிக்கவும், ஒலியளவைச் சமப்படுத்தவும், பெயரை மறைத்துவிட்டுக் கேட்கவும் பழகுவர். தான் விரும்புவதையும் தான் கேட்பதையும் வேறுபிரித்தறியும் அப்பழக்கம் இசைக்கு அப்பாலும் பயன்படக் கூடியதே.